கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம்

சார், வயது 31, ஊர் கடலூர் முதுநகர். மூன்று வருடமாகத் தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் வாரம் 6 நாள் ஓடுகிறேன். தினம் 6 கி.மீ., 33 நிமிடம். ஆனால் 10 கி.மீ. நேரம் 52 நிமிடத்தை விட்டு இறங்கவே மாட்டேன் என்கிறது. என் சித்தப்பா பையன் நாலே மாதத்தில் 44-க்கு வந்துவிட்டான். எனக்கு அந்த ஜீன் இல்லையென்று விட்டுவிடலாமா? கார்பன் தகடு வைத்த ஷூ வாங்கலாமா? (அவன் பள்ளியிலிருந்தே கால்பந்து ஆடுகிறவன்.)
– ம.

அன்புள்ள ம.,

ஷூவை விடுங்கள். அந்தக் காசுக்குச் சாதாரண ஷூ இரண்டு ஜோடி வரும்.

ஜீன் உண்டு. கிளாட் புஷார் குழுவினரின் ஹெரிடேஜ் ஆய்வில் 481 பேர் 20 வாரம் ஒரே அளவு சைக்கிள் பயிற்சி செய்தார்கள். உடல் நிமிடத்துக்கு உள்வாங்கும் உச்ச ஆக்சிஜன் சராசரியாக 400 மில்லி ஏறியது. சிலருக்கு ஒரு லிட்டர், சிலருக்கு அநேகமாக ஒன்றுமே இல்லை. அந்த வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதி குடும்பவழி. இதை மட்டும் படித்துவிட்டுத்தான் பலர் மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். 2017-ல் மான்டெரோவும் லுண்ட்பியும் வெளியிட்ட ஆய்வில், வாரம் நாலைந்து முறை ஒரு மணி நேரம் பயிற்சி செய்த குழுக்களில் முன்னேறாதவர் ஒருவர்கூட இல்லை.

தம்பியின் நாலு மாதத்தை எண்ணினீர்கள். அத்தனை வருடக் கால்பந்தை அடைப்புக்குறிக்குள் ஒளித்துவிட்டீர்கள். அவர் ஓட ஆரம்பித்தது பள்ளியில்.

என் கண் நின்ற இடம் அந்த 33 நிமிடம். கி.மீ.க்கு 5:30. உங்கள் பந்தய வேகமே 5:12! தினமும் முக்கால் பந்தயம் ஓடுகிறீர்கள். அதில் கால் ஆறாது. ஆறாத காலால் தூரத்தைக் கூட்ட முடியாது, வேகம் வேண்டிய நாளில் வேகமும் வராது. போதாததற்கு உங்கள் ஊர்க் காற்று. ஈரப்பதத்தில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போகிறது, உடம்பு குளிராது. ரத்தம் தோலுக்குப் பாய, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கிறது. கோயம்புத்தூரின் 5:30 வேறு, கடலூரின் 5:30 வேறு.

உங்கள் ஈஸி ரன், அதாவது நிதான ஓட்டம், கி.மீ.க்கு 6:30. புழுக்கமான மாதங்களில் 6:50. பக்கத்தில் ஓடுபவரிடம் நேற்றைய மீன் விலையை மூச்சு வாங்காமல் முழு வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லையா, இன்னும் மெதுவாக. வாக்கிங் வரும் பெரியவர்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சம்தானே உங்களை 5:30-க்கு விரட்டுகிறது? மூன்று வருடத்தை அவர்களுக்காகவா ஓடினீர்கள்?

பிரிட்டிஷ் மாரத்தான் வீராங்கனை பவுலா ராட்கிளிஃபின் ஆக்சிஜன் உச்சம் 18 வயதில், உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 70 மில்லி. 2003-ல் 2:15:25-ல் மாரத்தான் ஓடியபோதும் அவ்வளவுதான். ஒரே வேகத்துக்குச் செலவாகும் ஆக்சிஜன் மட்டும் இடைப்பட்ட வருடங்களில் சுமார் 15% குறைந்திருந்தது. அந்த 70 பிறவிப் பங்கு, மறுக்கவில்லை. மிச்சம் வருடக்கணக்கான ஓட்டத்தில் வந்தது.

இனி வாரம் 5 நாள். மூன்று நாள் 6 கி.மீ. ஈஸி, அதில் ஒரு நாள் முடிவில் 20 விநாடி வேக ஓட்டம் ஆறு, நடுவே ஒரு நிமிட நடை. செவ்வாய்க்கிழமை டெம்போ, அதாவது பந்தய வேகத்துக்குச் சற்றுக் கீழே சீரான ஓட்டம்: 2 கி.மீ. மெதுவாக ஓடிவிட்டு, 5:20 வேகத்தில் 8 நிமிடம் மூன்று முறை, இடையில் 2 நிமிட ஜாகிங், கடைசியில் மறுபடி 2 கி.மீ. மெதுவாக. ஞாயிறு 12 கி.மீ. ஈஸி, இரண்டு வாரத்துக்கு ஒரு கிலோமீட்டர் கூட்டி 16-ல் நிறுத்துங்கள். நாலாவது வாரம் தோறும் மொத்தத் தூரத்தில் கால் பங்கு குறையுங்கள்.

மூன்றாம் வாரம் கால் இலேசாகி 5:45-க்கு இழுக்கும். பெரும்பாலோர் கெடுத்துக்கொள்வது அங்கேதான். மூச்சும் ரத்தமும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாருக்கும் எலும்புக்கும் மாதங்கள் வேண்டும். முழங்காலுக்குக் கீழே உள்பக்க எலும்பு நீளவாக்கில் வலித்தால் தூரத்தைப் பாதியாக்குங்கள். ஒரே புள்ளியில், விரல் வைத்து அழுத்தினால் சுரீரென்றால், ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

16 வாரம் கழித்து, நீங்கள் வழக்கமாக ஓடும் நேரத்தில், அண்ணா விளையாட்டரங்கில் 25 சுற்று, அதாவது 10 கி.மீ. முதல் 5 சுற்றைச் சுற்றுக்கு 2:05-க்குக் குறையாமல் ஓடுங்கள்.