படகு போகிற ராத்திரியில் எழுதுங்கள்

கேள்வி: எங்களுக்கு ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடம். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். எனக்குக் கதை எழுத ஆசை. ஆனால் நோட்டைத் திறந்தால் மகளிர் குழுத் தவணை, கேஸ் சிலிண்டர், பிள்ளையின் ஃபீஸ் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. டைம்டேபிள் போடு என்கிறாள் தோழி. அப்படிக் கட்டம் கட்டி வாழ்ந்தால் கற்பனை வருமா?

பதில்: வரும் சகோதரி. கட்டம் கட்ட வேண்டியது கதைக்கு இல்லை, தவணைக்கும் கேஸுக்கும்தான். பாதியில் விட்ட வேலை முடித்த வேலையைவிட அதிகமாக நினைவில் நிற்கிறது என்று உளவியலாளர் ப்ளூமா ஸைகார்னிக் 1927-லேயே சோதித்து எழுதினார். 2011-ல் வந்த இன்னோர் ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும்: வேலையை முடிக்கக்கூட வேண்டாம், எப்போது, எப்படிச் செய்யப்போகிறோம் என்று தெளிவாக முடிவு செய்தாலே அது மனசை நச்சரிப்பது குறைகிறதாம். அதனால் "தவணை கட்டணும்" என்று மொட்டையாக எழுதி வைக்காதீர்கள், அது மண்டைக்குள் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். "வியாழன் காலை, பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் திரும்பும்போது தவணை; பணம் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கவரில்" என்று எழுதுங்கள். எல்லாம் ஒரே நோட்டில். கதைக்கு வேறு நோட்டு.

அப்புறம், விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து எழுது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கடலை நம்பிய வீட்டுக்கு அது சரிப்படாது. உங்கள் பக்கம் விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி என்று முறை இருக்கிறதே, அவர் கடலுக்குப் போக மீன்துறையில் அனுமதி டோக்கன் வாங்கிக் கிளம்பினால் மறுநாள் காலை கரைக்கு வந்து மீனை இறக்கும்வரை உங்களுக்குச் சமையலும் குறைவு, பேச்சும் குறைவு. பிள்ளை தூங்கியதும் எழுத உட்காருங்கள். காற்று எச்சரிக்கை வந்து டோக்கன் கொடுக்கவில்லையா, அன்றைக்கு எழுத்துக்கும் லீவு, வருத்தப்பட வேண்டாம். அவர் கடலில் இருக்கும் ராத்திரியில் பயமும் கூடவே இருக்கும் என்று தெரியும். அதை எந்தக் கட்டத்திலும் அடைக்க முடியாது, அடைக்கவும் வேண்டாம், கதைக்குள் வரட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாளும் அவர் வீட்டில், மே முழுக்கப் பிள்ளைக்கும் லீவு, கையில் காசும் இருக்காது. அப்போது இந்த ஏற்பாடு செல்லாது. புதுக்கதை தொடங்காமல், ஏற்கெனவே எழுதியதைத் திருத்துங்கள். உலை கொதிக்கிற நேரத்தில்கூட ஒரு பத்தியைத் திருத்திவிடலாம்.