ஹவாய் சுற்றுலாவில் ஏமாற்றம்: கோவையிலேயே வழக்குத் தொடுக்க முடியுமா?

கேள்வி: மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு சுற்றுலா நிறுவனத்துக்கு ரூ.3.80 லட்சம் செலுத்தி, நானும் என் மனைவியும் ஹவாய் சென்று வந்தோம். ஓவாஹு தீவு முழுவதையும் சுற்றிக் காட்டுவதாகச் சொன்ன திங்கள்கிழமையன்று ஹனௌமா விரிகுடா மூடியிருந்தது. முன்பதிவு இல்லையென்று டயமண்ட் ஹெட் என்ற எரிமலை முகட்டின் வாயிலிலேயே திருப்பி அனுப்பினார்கள். பேர்ல் ஹார்பரில் பலத்த காற்றால் படகு ஓடவில்லை; கைப்பையை வைக்கத் தனியாகப் பணம் வாங்கினார்கள். பயணத் திட்டம் மாறுதலுக்கு உட்பட்டது என்றும், வழக்குகள் மும்பையில் மட்டுமே தொடுக்கத்தக்கவை என்றும் நிபந்தனையைக் காட்டிப் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். என்ன செய்யலாம்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: தாங்கள் சொல்லும் குறைகள் அனைத்தும் ஒரே நாளில் நேர்ந்தவை என்றாலும், சட்டத்தின் பார்வையில் அவை ஒரே தன்மையுடையவை அல்ல. எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி மனுவில் எழுதினால், பலவீனமான குறை வலுவான குறையையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

தங்களுடைய வலுவான வாதம் ஹனௌமா விரிகுடாதான். பாதுகாக்கப்பட்ட அந்தக் கடற்பகுதி ஒவ்வொரு வாரமும் திங்கள், செவ்வாய் ஆகிய இரு நாள்களில் பார்வையாளர்களுக்கு மூடப்படுகிறது. இது திடீரென்று எடுத்த முடிவன்று. யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய நிலையான விதி. ஆகவே, பயணத் திட்டத்தில் திங்கள்கிழமைக்கு நேராக அந்த இடத்தை அச்சிட்டு விற்றபோதே, அந்த வாக்குறுதி நிறைவேற்ற முடியாத ஒன்றாக இருந்தது. 'மாறுதலுக்கு உட்பட்டது' என்ற நிபந்தனை பின்னால் எதிர்பாராமல் நேரும் மாற்றங்களுக்குப் பொருந்துமே தவிர, விற்ற நாளிலேயே நடக்க இயலாததாக இருந்த ஒன்றுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி இதைச் சேவைக் குறைபாடாக மட்டுமின்றி, நேர்மையற்ற வணிக நடைமுறையாகவும் வாதிடலாம். டயமண்ட் ஹெட்டும் ஏறத்தாழ இதே நிலையில்தான் உள்ளது. 2022 மே மாதம் முதல் ஹவாய்வாசிகள் அல்லாதோர் முன்பதிவு செய்துதான் அங்கு நுழைய முடியும். அந்த இடத்தைத் திட்டத்தில் சேர்த்துப் பணம் வாங்கியவர்களே அதைச் செய்திருக்க வேண்டும். அங்கு வண்டி ஓட்டி வந்த உள்ளூர் நிறுவனத்தின் மீது பழியைப் போட்டு மும்பை நிறுவனம் ஒதுங்கிக்கொள்ள முடியாது, ஏனெனில் தாங்கள் பணம் செலுத்தியது அந்த மும்பை நிறுவனத்திடம்.

பேர்ல் ஹார்பரை விட்டுவிடுங்கள். அங்கு மூழ்கிய அரிசோனா போர்க்கப்பலின் நினைவகத்துக்கான படகுகளை இயக்குவது அமெரிக்கக் கடற்படை. காற்று பலமாக இருந்தால் அவர்கள் நிறுத்திவிடுவார்கள். பைகளை உள்ளே அனுமதிக்காததும் பாதுகாப்பு விதியே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த நினைவகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, இணைய முன்பதிவுக்குத்தான் நபருக்கு 1 டாலர் வாங்குகிறார்கள். ரசீதில் அதற்கென்று பெரிய தொகை காட்டப்பட்டிருந்தால், அதை மட்டும் தனிக் குறையாக எழுதலாம்.

மும்பை நிபந்தனையைக் கண்டு தயங்க வேண்டாம். புகார்தாரர் வசிக்கும் இடத்திலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் அளிக்கச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு உரிமை தருகிறது. ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் சேர்த்து அதைப் பறிக்க முடியாது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அந்த நிபந்தனைகளே 'நியாயமற்ற ஒப்பந்தம்', அவை செல்லாது என்று அறிவிக்கக் கோரினால், அந்த அதிகாரம் மாநில ஆணையத்துக்குத்தான் உள்ளது என்பதால் தாங்கள் சென்னைக்கு அலைய நேரும். எனவே அந்தப் பரிகாரத்தைக் கோராமல், சேவைக் குறைபாட்டோடு நிறுத்திக்கொண்டு கோவை மாவட்ட ஆணையத்திலேயே வழக்கை வைத்துக்கொள்ளுங்கள். புகார் பதிவுக் கட்டணம் கணக்கிடப்படுவது கோரும் இழப்பீட்டின் மீதன்று, சுற்றுலாவுக்குச் செலுத்திய தொகையின் மீது, அது ரூ.5 லட்சத்துக்குள் இருப்பதால் தாங்கள் கட்டணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை.

முழுத் தொகையையும் திருப்பிக் கேட்காதீர்கள். மற்ற நாள்களின் சேவையைத் தாங்கள் பெற்றுக்கொண்டீர்கள் என்ற பதில் உடனே வரும். அந்த ஒரு நாளுக்குரிய பங்குத் தொகை, மன உளைச்சலுக்கு அளவான இழப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கோருவதே பொருத்தம். முதலில் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். சட்டப்படி இது கட்டாயமில்லை, ஆனால் பல நிறுவனங்கள் இந்தக் கட்டத்திலேயே பேச்சுக்கு வந்துவிடும். வராவிட்டால் நுகர்வோர் புகார்களுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவே புகாரைப் பதிவு செய்யலாம். வாட்ஸ்அப்பில் வந்த பயணத் திட்டத்தை அழிக்காமல் வைத்திருங்கள். அதன் அச்சுப்படியோடு மின்னணு ஆவணங்களுக்கென பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றையும் இணைப்பது நல்லது. குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் ஆணையத்தில் இருக்க வேண்டும். நிறுவனத்தோடு மின்னஞ்சலில் பேசிக்கொண்டிருப்பதால் அந்தக் காலவரம்பு நீளாது.