அறிவியல் புனைகதை ஆர்பிஜி (ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டு) விளையாட முதல் தடவை உட்காரப் போகிறேன். கேரக்டரின் முன்கதையை எழுதிக்கொண்டு போகலாமா?

எழுதாதீர்கள். நான் எழுதிக்கொண்டு போய் அசடு வழிந்தவன்.

எங்கள் குழு விளையாடுவது டிராவலர். மார்க் மில்லர் வடிவமைத்து 1977-ல் அமெரிக்காவில் வெளியானது. கறுப்பு அட்டை போட்ட மூன்று சின்னப் புத்தகங்கள். நாங்கள் இன்னும் அந்தப் பழைய விதிகளைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். கேரக்டருக்கு 18 வயதில் ஆரம்பித்து, நான்கு நான்கு ஆண்டாக அவன் வேலை பார்த்த காலத்தைப் பகடை உருட்டித்தான் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு நான்காண்டுக்கும் ‘பிழைத்தானா’ என்று ஒரு உருட்டு உண்டு. தவறினால் ஆள் காலி, ஆட்டம் தொடங்கும் முன்பே.

தங்கையைக் கொன்ற விண்வெளிக் கொள்ளையரைத் தேடி அலையும் வீரன் என்று நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். இரண்டாவது உருட்டிலேயே போய்ச் சேர்ந்தான். மேசையைச் சுற்றி ஒரே சிரிப்பு.

கடுப்பில் எதையும் யோசிக்காமல் அடுத்தவனை உருட்டினேன். வலிமை, லாவகம், தாக்குப்பிடிக்கும் திறன், அறிவு, படிப்பு, சமூக அந்தஸ்து என்று ஆறு குணங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பகடை. வந்தது 5869ஏ3. (10-ஐ ஏ என்று எழுதுவார்கள். பார்த்தால் ஜாதகக் குறிப்பு மாதிரியே இருக்கும்.) படிப்பு 10, அந்தஸ்து 3. வசதியில்லாத வீட்டில் ராப்பகலாகப் படித்த பையன். இதை நான் எழுதவில்லை, எண்ணே சொல்லிவிட்டது.

விண்வெளிக் கடற்படைக்கு விண்ணப்பித்தான். இரண்டு பகடையில் 8 அல்லது அதற்கு மேல் வேண்டும், அறிவுக்கும் படிப்புக்கும் 3 கூட்டியும் 7-தான் வந்தது. சேர்க்கவில்லை என்றால் கட்டாய ஆள்சேர்ப்பு. ஒரு பகடை, விழுந்தது நான்கு: ஸ்கவுட் பிரிவு, புதிய இடங்களை ஆராயப் போகிறவர்கள். அங்கே பிழைக்க 7 அல்லது அதற்கு மேல் போட வேண்டும். அதாவது 36-ல் 15 வாய்ப்பு சாவுக்கு, அதுவும் ஒவ்வொரு முறையும். தாக்குப்பிடிக்கும் திறன் 9 இருந்தால் 2 கூடுதலாகக் கிடைக்கும், இவனுக்கு 6.

ஆனால் மூன்று தடவை தப்பித்தான். மருத்துவத் திறன் இரண்டு முறை விழுந்து மெடிக்கல் 2 ஆனது. டாக்டர் என்று சொல்லிக்கொள்ள 3 வேண்டும். இன்னும் ஒரு நான்காண்டு இருந்தால் போதும் என்று பணி நீட்டிப்புக்கு உருட்டினேன். 3 போட்டாலே நீட்டிப்பு. இரண்டு பகடையிலும் ஒன்று.

முப்பது வயதில் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஏன்? அந்த ஒரு கேள்வியில்தான் எனக்குக் கேரக்டர் கிடைத்தான்.

விதிப்புத்தகத்தில் லோ பாசேஜ் என்று ஒன்று உண்டு. உறையவைத்து ஏற்றிப் போகும் மலிவு டிக்கெட். போய்ச் சேர்ந்தபின் எழுப்பும்போது 5-க்குக் குறைவாக விழுந்தால் பயணி எழுந்திருக்கவே மாட்டார். பக்கத்தில் மெடிக்கல் 2 உள்ள ஆள் நின்றால் 1 கூட்டிக்கொள்ளலாம். சரி, இவன் எழுப்பியும் எழாமல் போன யாரோ ஒருவர் இருந்திருக்கிறார் என்று முடிவுசெய்தேன். முன்கதை அவ்வளவுதான், ஒரே வரி.

உங்களுக்கும் அதையே சொல்வேன். உருட்டுங்கள், எந்த இடத்தில் ‘ஏன்டா இப்படி ஆச்சு’ என்று தோன்றுகிறதோ அங்கே மட்டும் எழுதுங்கள். மிச்சத்தைக் காலியாக விடுங்கள், ஆடும்போது நண்பர்கள் நிரப்புவார்கள். சாவது பிடிக்காவிட்டால் 2008-ல் மாங்கூஸ் நிறுவனம் வெளியிட்ட டிராவலர் பதிப்பை எடுங்கள். அதில் பிழைப்பு உருட்டு தவறினால் விபத்து அட்டவணைதான். அப்புறம், அந்தப் பதிப்பில் உங்கள் கேரக்டரின் பழைய சம்பவத்தை இன்னொருவருடையதோடு முடிச்சுப்போட்டால் இருவருக்கும் ஒரு திறன் இலவசம். நியாயமான லஞ்சம்.

என் ஆளுக்குப் பணி முடிந்து கையில் கிடைத்தது கொஞ்சம் பணமும் ஒரு லோ பாசேஜ் டிக்கெட்டும். தாக்குப்பிடிக்கும் திறன் 6 அல்லது அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு எழுப்பும் உருட்டில் 1 கழியும். அந்த டிக்கெட்டை அவன் இன்னும் பயன்படுத்தவில்லை.