வாசகர் கேள்விகள்: பந்தயக் காரில் பிரேக் ஆயிலைக் கலக்கலாமா?

கேள்வி: இருங்காட்டுக்கோட்டை ஓடுகளத்தில் என் காரைப் பந்தய வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தபோது, ஆறாவது சுற்றில் பிரேக் பெடல் பஞ்சுபோல் ஆகி ஏறக்குறைய தரை வரை இறங்கிவிட்டது. வண்டியை நிறுத்திக் கால் மணி நேரம் ஆறவிட்டபின் பாதியளவு மீண்டது. உள்ளே இருப்பது ஓராண்டுக்கு முன் ஊற்றிய டாட் 4 தரப் பிரேக் ஆயில். மேல் தொட்டியில் கொஞ்சம் டாட் 5.1 ஊற்றினால் போதும் என்கிறார் ஒரு நண்பர். டாட் 5 இன்னும் நல்லது என்கிறார் மற்றொருவர். எதைச் செய்யட்டும்?
– வாசகர், ஆவடி

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். முதலில், நடந்தது என்ன என்பதைச் சரியாகப் பிரித்தறிய வேண்டும். பெடல் கல்போல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்க மறுத்தால் சூடு தாங்காமல் போனது பிரேக் பேட். பெடலே கீழே இறங்கினால் கொதித்தது ஆயில். உங்களுடையது இரண்டாவது வகை. ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு கார் 160 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60-க்கு இறங்கும்போது கழிக்க வேண்டிய ஆற்றல், 30 டிகிரியில் இருக்கும் ஏறத்தாழ மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. இதில் பெரும்பகுதி சில நொடிகளுக்குள் டிஸ்க்குகளில் வெப்பமாக இறங்கி, அங்கிருந்து பேட், பிஸ்டன் வழியாக, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பருக்குள் இருக்கும் ஆயிலை எட்டுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இது பலமுறை நடக்கிறது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். ஆகவே உள்ளே குமிழ்கள் தோன்றியதும் உங்கள் காலின் அழுத்தம் அந்தக் குமிழ்களை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடுகிறது.

அமெரிக்கத் தரத்தின்படி டாட் 4-க்குக் குறைந்தபட்ச உலர் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ், ஈரக் கொதிநிலை 155, டாட் 5.1-க்கு முறையே 260, 180. உலர் கொதிநிலை என்பது நீர் சேராத புதிய ஆயிலுக்கு உரியது; ஈரக் கொதிநிலை என்பது, ஆயில் ஏறத்தாழ 3.7 சதவீதம் நீரை உறிஞ்சிய பிறகு அளக்கப்படுவது. இவை இரண்டும் சேர்ந்த கிளைக்கால் (glycol) வகைத் திரவங்கள் ரப்பர் ஹோஸ் வழியாகவும் மூடியின் காற்றுத் துளை வழியாகவும் காற்றின் ஈரத்தை விடாமல் இழுப்பவை. சென்னையின் கடற்காற்றில் ஓராண்டு கழித்த ஆயிலை டப்பாவில் அச்சிட்டுள்ள உலர் எண்ணைக் கொண்டு மதிப்பிடுவது பெரும் தவறு.

இப்போது கலப்பதைப் பற்றி. டாட் 4, டாட் 5.1 இரண்டும் ஒரே கிளைக்கால் குடும்பம். கலந்தால் ரப்பர் சீல்களுக்குக் கேடில்லை. சாலையில் அவசரத்துக்கு அப்படி ஊற்றலாம். ஆனால் பிரேக் ஆயில், என்ஜின் ஆயிலைப்போலச் சுற்றி வருவதில்லை என்பதை நண்பர் மறந்துவிட்டார். கேலிப்பர் ஒரு முட்டுச்சந்து. மேல் தொட்டியில் நீங்கள் ஊற்றும் புதியது மேலேயே நிற்கும். கொதித்துப்போன பழையது, சூடு மிகுந்த அந்தக் கேலிப்பரிலேயே கிடக்கும். கலவையின் கொதிநிலை என்னவென்று எந்த டப்பாவும் சொல்லாது. பந்தயத்தில் எனக்கு ஏற்க முடியாதது அதுதான். வளைவுக்கு முன் எந்த இடத்தில் பிரேக்கை மிதிப்பது என்று முடிவெடுப்பவருக்கு, தன் ஆயில் எவ்வளவு தாங்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

டாட் 5 சிலிக்கோன் வகை. பெயர் ஒத்திருந்தாலும் 5.1-க்கும் இதற்கும் உறவில்லை. இது நீரை உறிஞ்சாது. அதனாலேயே உள்ளே புகுந்த நீர் தனியே தாழ்விடத்தில் தேங்கி நூறு டிகிரியிலேயே கொதிக்கும். கிளைக்காலுடன் கலவாது; எளிதில் நுரைக்கும்; சற்று அமுங்கவும் செய்யும். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் இதை ஊற்றவே கூடாது.

நீங்கள் செய்ய வேண்டியது, பந்தயத்துக்கென்றே தயாரான ஒரே ஆயிலை வாங்கிப் பழையதை முழுவதுமாக வெளியேற்றுவது. மோட்டுல் ஆர்.பி.எஃப். 600-இன் உலர் கொதிநிலை 312 டிகிரி. காஸ்ட்ரால் எஸ்.ஆர்.எஃப். விலை மிகுந்தது, ஆனால் அதன் ஈரக் கொதிநிலையே 270 டிகிரி. அடிக்கடி ஆயில் மாற்ற வாய்ப்பில்லாதவர் அதற்குச் செலவிடுவது தகும் என்பது என் கருத்து. தொட்டியின் பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்புங்கள். காரின் கையேடு சொல்லும் வரிசையில் ஒவ்வொரு பிளீடர் நிப்பிளிலும் (கேலிப்பரில் ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் திருகு) ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, பழுப்பு நிறம் மறைந்து தெளிவான ஆயில் குமிழின்றி வரும்வரை ஏர் எடுங்கள். தொட்டி இடையில் வற்றக் கூடாது. பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

கேள்வி: பாதி தீர்ந்த டப்பாவை அடுத்த பந்தயத்துக்கு வைத்துக்கொள்ளலாமா? ஆயில் குறைந்தால் பவர் ஸ்டீயரிங் ஆயிலை ஊற்றலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: திறந்த டப்பா, மூடியை இறுக்கி வைத்தாலும் உள்ளிருக்கும் காற்றின் ஈரத்தை ஏற்றுக்கொண்டே இருக்கும், பந்தய வண்டிக்கு அதை ஊற்றாதீர்கள். சிறிய டப்பாக்களாக வாங்குவதே மேல். இரண்டாவதற்கு, ஒருபோதும் கூடாது. நாம் பேச்சில் பிரேக் ஆயில் என்று சொன்னாலும் இது எண்ணெய் அன்று. பவர் ஸ்டீயரிங் ஆயில் போன்ற பெட்ரோலிய எண்ணெய் சிறிதளவு கலந்தாலும், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல்கள் ஊதிப் பெருத்து மென்மையாகிவிடும். ஏற்கெனவே ஊற்றியிருந்தால், வண்டியை ஓட்டாமல் நிறுத்தி, சீல்களையும் ஹோஸ்களையும் மாற்றிய பிறகே வெளியே எடுங்கள்.