மணல் புகுகிறதென்று ஜங்ஷன் பாக்ஸின் துளைகளை அடைக்கலாமா?

கேள்வி: திருவாரூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவன் நான். தெற்கு ஓமானில் ஓர் எண்ணெய்க் களத்தில் எலக்ட்ரீஷியனாக வேலை செய்கிறேன். இங்கே கிணறுகளில் ஈஎஸ்பி எனப்படும் மூழ்கு பம்புகள் ஓடுகின்றன. கிணற்றின் வாயில் இருக்கும் வெல்ஹெட்டிலிருந்து வரும் கேபிள், காற்றுத் துளைகள் கொண்ட ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றுக்குள் போய், அங்கிருந்து பம்பை இயக்கும் டிரைவ் பேனலுக்குச் செல்கிறது. மணல் புகுந்து டெர்மினல்களில் படிவதால் அந்தத் துளைகளை சிலிகான் வைத்து அடைத்துவிடச் சொல்கிறார் மேற்பார்வையாளர். வேறொரு கிணற்றில் பேனல் கதவைத் திறந்தாலே வாயு வாடை அடிக்கிறது. அதற்கு ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால் போதும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். துளையை அடைத்தால், இப்போது ஒரு பேனலில் அடிக்கும் வாடை மற்ற பேனல்களிலும் அடிக்கத் தொடங்கும். ஃபேன் மாட்டினால் வாடை குறைந்ததுபோல் தோன்றும். வந்து சேரும் வாயு கூடும்.

நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று சப்மெர்சிபிள் மோட்டாரை உங்களுக்குத் தெரியும். ஈஎஸ்பி அதன் பெரிய அண்ணன். கிணற்றின் அடியில் மோட்டார், அதன்மேல் பம்பு, எண்ணெய் மேலேறும் டியூபிங் குழாயோடு சேர்த்துக் கட்டப்பட்ட கேபிள். வேறுபாடு சுற்றுப்புறத்தில் இருக்கிறது. வீட்டுக் கிணற்றில் கேபிளைச் சுற்றித் தண்ணீர். இங்கே அழுத்தத்தோடு கூடிய எண்ணெயும் வாயுவும். கிணற்றின் வெளிக்குழாயான கேஸிங்குக்குள் இருக்கும் வாயுவுக்கு வெளியேற வழி வேண்டும். முறுக்குக் கம்பிகளாலான கடத்தியின் இழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகள், இன்சுலேஷனுக்கும் மேலுறைக்கும் இடையே உள்ள சந்து, எங்கோ உரசிக் கிழிந்த ஓர் இடம், இவற்றில் எது கிடைத்தாலும் அதற்குப் போதும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதோடு இதை ஒப்பிடுவார்கள். பாதிதான் பொருந்தும். திரி இழுக்கிறது, இங்கே கிணற்றின் அழுத்தம் தள்ளுகிறது. இது போதாதென்று, இபிடிஎம் ரப்பர் இன்சுலேஷன் அழுத்தத்தில் வாயுவைத் தனக்குள் உறிஞ்சி வைத்திருந்து, அழுத்தம் குறையும்போது வெளியே விடும். பம்பு நின்றபின் திடீரென்று வாடை வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெல்ஹெட்டில் நன்றாகத்தானே சீல் செய்திருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். அந்த சீல் கேபிளின் வெளிப்புறத்தைப் பிடித்துக்கொள்கிறது. இழைகளுக்குள்ளே நடப்பதை அது தடுக்காது. கேபிளை வெட்டித் தனி இணைப்பான் வழியே கடத்தும் நவீன வெல்ஹெட்டுகள் எவ்வளவோ மேல். ஆனால் அவையும் காலப்போக்கில் கசியும். அதனால் அங்கேயும் இந்தப் பாக்ஸைத் தவிர்ப்பதில்லை.

கிணற்றுக் கேபிள் பாக்ஸுக்குள் முடிந்துவிடுகிறது. இழைகளுக்குள் ஏறி வந்த வாயு வெட்டுமுனையில் வெளியேறித் துளைகள் வழியே காற்றில் கலக்கிறது. பேனலுக்குப் போவது வேறு கேபிள். இணைப்பது பாக்ஸின் பாதி வேலைதான். கேபிளை மூச்சுவிட வைப்பது மறுபாதி. துளையை அடைத்துவிட்டால் அது வெறும் டப்பா. உள்ளே சேரும் வாயுவுக்கு மிஞ்சும் ஒரே வழி, பேனலுக்குப் போகும் கேபிளும் அதன் குழாயும்தான். பாக்ஸே வேண்டாமென்று இரண்டு கேபிளையும் நேரடியாக இணைத்து டேப் சுற்றியிருப்பதைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். பலன் அதேதான். உங்கள் வாடைப் பேனலுக்கு வரும் கேபிளை முதலில் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். வழியில் இப்படி ஓர் இணைப்பு இருக்கும் என்பது என் சந்தேகம்.

கசிவு சிறியது என்று அலட்சியப்படுத்துகிறவர்களுக்கு ஒரு கணக்கு. மீத்தேன் காற்றில் 5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை இருந்தால் தீப்பிடிக்கும். பேனலின் உள் கொள்ளளவு 2 கன மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 5 சதவீதம் 100 லிட்டர். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் கசிந்து, வெளியேற வழியும் இல்லையென்றால், இரண்டு மணி நேரத்துக்குள் பேனல் வெடிக்கத் தயார். மணலுக்குப் பயந்து இறுக்கமாக மூடி ஏசி வைத்த டிரைவ் பேனல்கள் இந்தக் கணக்குக்கு மிக அருகில் இருக்கின்றன. பாக்ஸுக்குள் போல்ட் போட்ட டெர்மினல்கள் மட்டுமே உண்டு, பொறி பறக்கும் பாகம் எதுவும் இல்லை. பேனலிலோ கான்டாக்டர், ரிலே, ஃபேன் எல்லாம் இருக்கின்றன. இதே காரணத்துக்காகத்தான் பாக்ஸுக்குள் விளக்கோ ஹீட்டரோ வைக்கக் கூடாது. போல்ட் தளரவும் விடக் கூடாது.

இப்போது அந்த ஃபேன். வெளியே தள்ளும் ஃபேன் பேனலுக்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது. குறைந்த அழுத்தத்தை நிரப்ப, கேபிள் நுழையும் சந்து வழியாக இன்னும் வாயு உள்ளே வரும். சாதாரண ஃபேன் என்றால் அதன் மோட்டாரே தீப்பொறி கிளப்பும். தேவைப்பட்டால் செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது: பாதுகாப்பான இடத்திலிருந்து எடுத்த சுத்தமான காற்றை உள்ளே தள்ளி, பேனலின் அழுத்தத்தை வெளியைவிடச் சற்று உயர்த்தி வைப்பது. ஐஇசி 60079-2 தரநிலை இதைப் பற்றியதுதான். அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கையும் மின் துண்டிப்பும் அதில் சேர்ந்தே வர வேண்டும். இது தளத்தில் நீங்களே செய்துகொள்ளும் வேலை அல்ல. கேபிள் வழிக் கசிவை நிறுத்தாமல் இதை மட்டும் செய்வதும் அரைகுறைதான்.

பாக்ஸைக் கழற்றிவிட்டு ஃப்ளேம்ப்ரூஃப் பெட்டி வைக்கலாம் என்று அடுத்த யோசனை வரும். ஃப்ளேம்ப்ரூஃப் பெட்டி, உள்ளே நடக்கும் வெடிப்பு வெளியே பரவாமல் தாங்கிக்கொள்ளும். கேபிளின் உள்ளே ஊர்ந்து வரும் வாயுவை அது வெளியேற்றாது.

மணல் தொந்தரவு உண்மைதான், உங்கள் மேற்பார்வையாளரைக் குறை சொல்ல மாட்டேன். டெர்மினல்களில் படியும் மணலும் உப்பும் பனி ஈரத்தோடு சேர்ந்தால் இன்சுலேட்டர்மேல் மின்கசிவு தொடங்கும். துளைகளுக்குக் கீழ்நோக்கிய மடிப்புத் தகடு வையுங்கள். பலமான காற்று வரும் திசையிலிருந்து பாக்ஸின் திறப்புகளை விலக்கித் திருப்புங்கள். பாக்ஸ் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் நிற்கட்டும். தரையோடு ஊர்ந்து வரும் மணலில் பெரும்பகுதி அதற்குக் கீழேயே நின்றுவிடும். வலை போடுவதானால் பெரிய கண் வலை. கொசுவலை போட்டால் ஒரே மணற்புயலில் அடைபடும். மேலேயும் கீழேயும் துளை இருக்க வேண்டும். மீத்தேன் காற்றைவிட லேசானது, மேலே போகும். புரொப்பேன், பியூட்டேன், ஹைட்ரஜன் சல்ஃபைடு மூன்றும் கனமானவை, கீழே தங்கும். குளவிக் கூட்டால் முழுக்க அடைபட்ட கீழ்த்துளையை ஒருமுறை பார்த்தபின், சுத்தம் செய்யும் நாளையும் பராமரிப்பு அட்டவணையில் எழுதி வைக்கத் தொடங்கினேன்.

தூரத்துக்கும் ஒரு வழக்கம் உண்டு: வெல்ஹெட்டிலிருந்து பாக்ஸ் குறைந்தது 15 அடி, பாக்ஸிலிருந்து பேனல் குறைந்தது 35 அடி. உங்கள் தளத்தின் அபாய மண்டல வரைபடம் இதைவிட அதிகம் கேட்டால் அதுவே செல்லும். பேனலுக்குப் போகும் கேபிள் குழாயில் சீல் போட்டிருக்கிறார்களா, கேபிள் பள்ளம் மணலால் நிரப்பப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மூடிய வெற்றுப் பள்ளம் கனமான வாயுவுக்கு நல்ல வாய்க்கால்.

வாடைப் பேனலை இனி மூக்கை நம்பித் திறக்காதீர்கள். மீத்தேனுக்கு மணமே கிடையாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு சுமார் 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு) அளவுக்கு ஏறினால் மோப்ப சக்தியையே மழுங்கடித்துவிடும். நேற்று அடித்த அழுகிய முட்டை வாடை இன்று இல்லையென்றால் அது நல்ல செய்தியாக இருக்க வேண்டியதில்லை. வாயு டிடெக்டரோடு காற்று வரும் திசையிலிருந்து அணுகி, கதவுச் சந்திலும் கேபிள் நுழைவிலும் அளவிடுங்கள். டிடெக்டர் உச்சத்துக்குப் போய்விட்டுத் திடீரென இறங்கினால் நிம்மதியடையாமல் விலகி நில்லுங்கள். அடர்த்தியான வாயுவில் ஆக்சிஜன் போதாமல் வினையூக்கி வகை சென்சார் தவறாகக் குறைத்துக் காட்டும். வாயு இருந்தால் அந்தப் பேனலின் சுவிட்சைத் தொடாதீர்கள். பேனலுக்கு மின்சாரம் தரும், தள்ளியிருக்கும் முந்தைய இணைப்பில் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லுங்கள்.

பாக்ஸைத் திறக்குமுன் இன்னொன்று. பம்பு நின்றவுடன் டியூபிங்கில் உள்ள எண்ணெய் கீழே இறங்கிப் பம்பைப் பின்னோக்கிச் சுற்றும். அப்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறும். நிலைக்காந்த மோட்டாரென்றால் மெதுவாகச் சுற்றினாலே ஆபத்தான வோல்ட்டேஜ் வரும். பேனலில் பூட்டும் எச்சரிக்கை டேக்கும் போட்டுவிட்டோம் என்பது இங்கே போதாது. சுழற்சி நிற்கும்வரை காத்திருந்து, வோல்ட்டேஜ் இல்லை என்று சோதித்து, எர்த் செய்த பிறகே கை வையுங்கள். இன்சுலேஷனைச் சோதிக்க மெக்கர் போடுவதற்கு முன்பும் வாயு அளவீடு கட்டாயம். அதுவும் ஆயிரம் வோல்ட்டுக்குமேல் தரும் கருவிதானே.

மேற்பார்வையாளரிடம் வாய்வார்த்தையாக வாதாட வேண்டாம். துளையை அடைப்பது வடிவமைப்பு மாற்றம். அதற்கு எழுத்தில் மாற்ற அனுமதி வேண்டும் என்று படிவத்தைக் கேளுங்கள். அதே படிவத்தில் மடிப்புத் தகட்டையும், அந்த இன்னொரு கிணற்றுக்குப் புதிய பாக்ஸையும் நீங்களே எழுதிக் கொடுத்துவிடலாம்.