பிங்க் ஃப்ளாய்ட்: எங்கே தொடங்குவது, யாருடைய தனி ஆல்பத்தைக் கேட்பது?

அண்ணா, பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவை இதுவரை கேட்டதே இல்லை. எந்த ஆல்பத்தில் ஆரம்பிக்கலாம்?

எல்லோரும் 1973இல் வந்த 'டார்க் சைட் ஆஃப் த மூன்' என்றுதான் சொல்வார்கள். நான் 1975இன் 'விஷ் யூ வேர் ஹியர்' என்பேன். முதல் பாட்டு 'ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்'. குரல் வருவதற்கே எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும், அவசரப்படாதீர்கள். ரிச்சர்ட் ரைட்டின் சின்தசைசர் மெல்ல விரிந்துகொண்டே போகும். பிறகு டேவிட் கில்மோர் கிட்டாரில் நாலே நாலு சுரம் வாசித்து நிறுத்துவார். அது முழுக்க ஒலித்து அடங்கிய பிறகுதான் அடுத்த முறை வாசிப்பார். அந்த இடம் உங்களுக்குப் பிடித்துவிட்டால் மற்ற ஆல்பங்களும் பிடிக்கும்.

அந்தப் பாட்டு சிட் பாரெட்டைப் பற்றியது என்கிறார்களே?

ஆமாம். 1967இல் வந்த முதல் ஆல்பத்தின் பெரும்பாலான பாட்டுகள் அவர் எழுதியவை. மனநிலை குலைந்து 1968இல் குழுவை விட்டுப் போனார். 1975 ஜூனில் இந்த ஆல்பத்தின் வேலை நடந்துகொண்டிருந்த அபி ரோட் ஸ்டூடியோவுக்கு ஒருநாள் திடீரென்று வந்தார். தலையும் புருவமும் மழித்து, உடம்பு பருத்து நின்றவரைப் பழைய நண்பர்களுக்கே அடையாளம் தெரியவில்லை.

அவருடைய தனி ஆல்பங்கள் இரண்டுமே 1970இல் வந்தவை. 'த மேட்கேப் லாஃப்ஸ்' கேளுங்கள். தாளம் தடுமாறும், ஒரு பாட்டைத் தொடங்கிவிட்டு நிறுத்தி மறுபடி தொடங்குவார். அந்தத் தடுமாற்றத்தோடு சேர்த்துக் கேட்கவேண்டிய ஆல்பம் அது. அவருடைய இடத்தில் வந்த கில்மோர்தான் இரண்டு ஆல்பங்களிலும் தயாரிப்புக்குக் கைகொடுத்தார் என்பது எனக்கு இன்றும் மனதைத் தொடும் விஷயம்.

ரோஜர் வாட்டர்ஸா, கில்மோரா? தனியாக யார் பெரிய ஆள்?

இருவரையும் தனித்தனியே கேட்டால்தான் குழுவுக்குள் யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்பது பிடிபடும். குழுவில் பேஸ் கிட்டார் வாசித்த வாட்டர்ஸின் பலம் சொல். 'அம்யூஸ்ட் டு டெத்' (1992) முழுக்கக் கோபம். போரை வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்க்கும் உலகத்தின் மேல் கோபம். கிட்டாருக்கு ஜெஃப் பெக் வந்திருக்கிறார். கில்மோரின் பலம் மெட்டும் நிதானமும். அதற்கு 'ஆன் அன் ஐலண்ட்' (2006).

'த வால்' (1979) ஆல்பத்தில் வரும் 'கம்ஃபர்டப்ளி நம்ப்' எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். கில்மோர் தன் முதல் தனி ஆல்பத்தின் (1978) சமயத்தில் போட்டு, பயன்படுத்தாமல் வைத்திருந்த மெட்டு அது. வாட்டர்ஸ் அதற்கு வரிகள் எழுதினார். இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் அந்தப் பாட்டு இல்லை. 'த ஃபைனல் கட்' (1983) கிட்டத்தட்ட வாட்டர்ஸின் தனி ஆல்பம்தான். ரைட் அதில் இல்லவே இல்லை, அந்த வெறுமை எனக்குக் கேட்கிறது.

குழுவின் டிரம்மர் நிக் மேசன் தனியாக ஏதாவது செய்திருக்கிறாரா?

'ஃபிக்டிஷியஸ் ஸ்போர்ட்ஸ்' (1981). பெயர்தான் மேசனுடையது, பாட்டுகள் அத்தனையும் ஜாஸ் இசையமைப்பாளர் கார்லா பிளே எழுதியவை. ஜாஸ் பிடிக்கும் என்றால் கேளுங்கள்.

ரைட்டை அடிக்கடி சொல்கிறீர்களே சார், அவர் அவ்வளவு முக்கியமா?

ரொம்ப முக்கியம். 'மெடில்' (1971) ஆல்பத்தில் 'எக்கோஸ்' தொடங்கும்போது சொட்டுச் சொட்டாக ஒரு சுரம் விழுமே, அது ரைட்டின் பியானோ. சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியே விட்டுப் பதிவுசெய்தது. 23 நிமிடப் பாட்டு அந்த ஒற்றைச் சுரத்திலிருந்துதான் எழுகிறது. அப்படிப்பட்டவரை 'த வால்' பதிவின்போது குழுவிலிருந்து விலக்கினார்கள். பிறகு அதே ஆல்பத்தின் மேடை நிகழ்ச்சிகளில் சம்பளத்துக்கு வாசித்தார். 'வெட் ட்ரீம்' (1978), 'ப்ரோக்கன் சைனா' (1996) இரண்டையும் தேடிக் கேளுங்கள். இரண்டாவது, மன அழுத்தத்தில் தவித்த தன் மனைவியை நினைத்துச் செய்தது. சினேட் ஓ'கானர் அதில் இரண்டு பாட்டு பாடியிருக்கிறார்.

ஆல்பங்களை ஷஃபிளில், வரிசை மாற்றிக் கேட்கலாமா?

வேண்டாம். ஒரு பாட்டின் முடிவு அடுத்ததன் தொடக்கத்தில் கரையும்படி செய்தவை இவை.

'டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தின் 'த கிரேட் கிக் இன் த ஸ்கை'யில் பாடும் பெண் யார்? குழுவில் ஒருவரா?

இல்லை, கிளேர் டோரி. பதிவுக்காக அழைக்கப்பட்டு வந்த பாடகி. ரைட்டின் பியானோவுக்கு மேல், வரிகளே இல்லாமல் வெறும் குரலால் அவரே கற்பனை செய்து பாடியது. ரொம்ப காலம் அதை எழுதியவர் என்று ரைட் பெயர் மட்டும்தான் இருந்தது. டோரி வழக்குப் போட்டார், 2005இல் சமரசம் ஆனது. அதன் பிறகு வந்த பதிப்புகளில் ரைட் பெயருக்குப் பக்கத்தில் டோரியின் பெயரும் இருக்கிறது.