மலையகப் பயணத்துக்கு எடை குறைந்த, விலை மலிவான கமரா முக்காலி எதை வாங்கலாம்?

கையில் சிறிய மிரர்லெஸ் கமராவும் அதோடு வந்த லென்ஸும் இருக்கின்றன, ஹட்டன், நுவரெலியா, எல்ல என்று ஒரு வாரம் சுற்றப் போகிறேன், தூக்க இலகுவாகவும் கையைக் கடிக்காமலும் ஒரு முக்காலி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முன்பே பதில் சொன்ன அன்பர்கள் இருவரும் ‘மலிவான முக்காலி வாங்குவது காசை ஆற்றில் போடுவது, பொறுத்திருந்து காபன் ஃபைபரில் வாங்குங்கள்’ என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பைப் பார்த்த பிறகுதான் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று எடுத்துப் பழகி, இப்போது தனியாகச் செய்கிறேன். எந்தக் கடைக்கும் நான் ஏஜென்ட் இல்லை. காபன் முக்காலி வைத்திருப்பவர்கள் மேல் பொறாமையும் இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

எடைக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். பயணிகள் அதிகம் வாங்கும் மான்ஃப்ரோட்டோ பிஃப்ரீ அட்வான்ஸ்ட் என்ற முக்காலி அலுமினியத்தில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. அதுவே காபனில் ஒன்றேகால் கிலோ. ஆக, வித்தியாசம் கால் கிலோ. அரை லீட்டர் தண்ணீர்ப் போத்தலில் பாதியைக் குடித்தால் அந்தக் கால் கிலோ முதுகிலிருந்து இறங்கிவிடும். அதற்குக் கொடுக்கும் கூடுதல் காசு மட்டும் எங்கும் இறங்காது. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டபோது, சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களிலேயே 300ஐத் தாண்டியது. டொலரில் விலை போடும் பொருளை ரூபாவில் சம்பாதித்து வாங்குகிறவனுக்கு அதன் பிறகு ‘பொறுத்திருந்து வாங்கு’ என்ற அறிவுரை காதில் ஏறுவதில்லை. காபனில் அதிர்வு சீக்கிரம் அடங்கும், நுவரெலியாக் காலைக் குளிரில் தொட்டால் விரல் விறைக்காது என்பதெல்லாம் உண்மைதான், மறுக்கவில்லை. அலுமினியக் காலில் சைக்கிள் கைப்பிடி டேப்பைச் சுற்றினால் குளிர்ப் பிரச்சினை தீர்ந்தது.

எடையைவிட முக்கியமானது உயரத்தில் இருக்கும் ஏமாற்று. பெட்டியில் 150 சென்ரிமீற்றர் என்று போட்டிருக்கும். அது நடுத்தண்டையும் முழுவதுமாக உயர்த்திய கணக்கு. தண்டை உயர்த்திய கணமே மூன்று கால் ஒற்றைக்கால் ஆகிவிடுகிறது, எங்கள் மலைக்காற்றில் அது ஆடாமல் நிற்காது. ஆகவே தண்டை இறக்கி வைத்து, கமரா உங்கள் மார்புக்கு வருகிறதா என்று மட்டும் பாருங்கள். அடுத்தது கணு. காலை மூன்றாக மடக்குகிறதா, நான்கா, ஐந்தா? கணு கூடினால் மடித்த நீளம் குறைந்து பைக்குள் அடங்கும், ஆனால் கடைசிக் கணு பென்சில் பருமனுக்கு வந்துவிடும். எனக்கு நான்கு போதும். நான்காவதை நான் அநேகமாக இழுப்பதே இல்லை.

கடையில் இதைச் செய்து பாருங்கள். உங்கள் கமராவையே பூட்டுங்கள், லென்ஸை முழுதாக ஸூம் செய்யுங்கள், பின்பக்கத் திரையில் காட்சியைப் பத்து மடங்கு பெரிதாக்குங்கள். பிறகு ஒரு காலை விரலால் தட்டுங்கள். திரையில் ஆட்டம் இரண்டு வினாடிக்குள் அடங்கினால் நல்ல கால். அடங்காமல் நடுங்கிக்கொண்டே இருந்தால் ‘இதற்கு எட்டுக் கிலோ தாங்கும்’ என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். தாங்குவது வேறு, ஆடாமல் தாங்குவது வேறு. மேலேயுள்ள பந்துத் தலையை இறுக்கிவிட்டுக் கையை எடுக்கும்போது காட்சி கீழே சரிகிறதா என்றும் பாருங்கள். மூன்று காலும் சேரும் தோள்பகுதி பிளாஸ்டிக் என்றால் அது கைபேசிக்கு ஆகும், கமராவுக்கு ஆகாது. கமராவின் அடியில் பூட்டும் தட்டு, பல கம்பனிகளும் செய்யும் ஆர்க்கா சுவிஸ் வகையாக இருக்கட்டும், தொலைந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். கடைக்கே உரிய விசித்திர வடிவத் தட்டு தொலைந்தால் முக்காலியே தொலைந்த மாதிரிதான்.

பெயர் சொல்லுங்கள் என்பீர்கள். கே அண்ட் எஃப், நீவர் போன்ற சீனத் தயாரிப்புகளில் ஒன்றரைக் கிலோவுக்குள் அலுமினியக் கால் கிடைக்கும், மேலே சொன்னபடி தட்டிப் பார்த்து வாங்குங்கள். அதைவிட நல்லது, பழைய பொருள் விளம்பரங்களில் வெல்பன், ஸ்லிக் போன்ற ஜப்பான் முக்காலிகளைத் தேடுவது. கொஞ்சம் கனம் கூடும், ஆனால் கால் கால்தான்.

என்னிடம் இருப்பதும் பழையது வாங்கியதுதான். கீறல் விழுந்த அலுமினியம், ஒரு காலில் ரப்பர் பாதம் மாற்றியது. கல்யாண வீட்டுக்கு அதைக் கொண்டுபோனால் மாப்பிள்ளையின் மாமா ஒருவராவது ‘தம்பி, பெரிய ஸ்டாண்ட் கொண்டுவரவில்லையா?’ என்று கேட்பார். பெரிய ஸ்டாண்ட் வந்தால்தான் பெரிய படம் வரும் என்று நம்புகிறவர்களிடம் எதைச் சொல்வது!

அதைக் கொண்டுபோய் நான் எடுத்த காமன் கூத்துப் படத்தைப் பற்றிச் சொல்கிறேன். தற்பெருமை என்பவர்கள் இந்தப் பந்திகளைத் தாண்டிப் போகலாம். மாசி மாதத்தில் எங்கள் தோட்டங்களில், மன்மதனைச் சிவன் எரித்த கதையான காமன் கூத்தை ஆடுவார்கள். இரவு முழுக்க நடக்கும். அந்த ஆண்டு தோட்டத்தின் மேல் டிவிசனில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஆட்டம், கோயில் கமிட்டி எடுத்துத் தரச் சொல்லியிருந்தது. தார்ப் பாதை ஃபெக்டரியோடு முடிந்துவிடும். அதற்கு மேலே ஓட்டோ ஏறாது, தேயிலை மலைக்குள் படியேற வேண்டும். ஸ்டூடியோவில் வீடியோவுக்கு வைத்திருந்த பெரிய முக்காலியைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் ஏறினால் காமன் எரிவதற்குள் நான் எரிந்துவிடுவேன்.

தப்பு மேளம் அடித்து ஆடும்போது முக்காலியால் ஒரு பயனும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆடுகிறவரின் அசைவை முக்காலி நிறுத்தாது, ஷட்டர் வேகம்தான் நிறுத்தும். கூட்டம் மொத்தமாக மிதிக்கும்போது தரையே அதிர்கிறது, அந்த அதிர்வு காலின் வழியே கமராவுக்கு ஏறும். ஆகவே எமன், வீரபத்திரன் வரும் ஆட்டங்களையெல்லாம் கமராவின் ஒளியுணர்வான ஐஎஸ்ஓவை ஏற்றிக் கையிலேயே எடுத்தேன். படத்தில் புள்ளி புள்ளியாக இருந்தால் இருக்கட்டும்.

விடியும் பக்கம் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மன்மதன் எரிந்த பிறகு ரதி புலம்பும் கட்டம். ரதி வேடம் கட்டியது விரதமிருந்த ஒரு பையன்தான். எரிந்த இடத்தின் பக்கத்தில் அப்படியே குந்திவிட்டான். தலையில் முக்காடு, முகத்தில் ரோஸ் பவுடர், அதில் கண்ணீர் இரண்டு கோடாக இறங்கிக் கறுப்பு மை கலந்து தாடைவரை வந்திருந்தது. பாட்டு மட்டும் வாயிலிருந்து வருகிறது, உடம்பில் அசைவு இல்லை. அவனைச் சுற்றிக் கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கிறது, புகை, பிள்ளைகள், விளக்குத் தூக்கியவர்கள். இந்த மாதிரி நேரத்துக்குத்தான் முக்காலி. தண்டை உயர்த்தாமல், கடைசிக் கணுவை இழுக்காமல், நான் முழந்தாளிட்டு இருக்கும் உயரத்தில் வைத்தேன். மிதிபட்டு இளகிய மண்ணில் கால் புதையாதிருக்க ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தட்டைக் கல். ஷட்டர் அரை வினாடி. பட்டனை அமுக்கும் விரலே கமராவை ஆட்டும் என்பதால் இரண்டு வினாடி டைமர்.

முதல் படம் விழுவதற்குள், கோயில் தலைவர் தோளில் தட்டி, நெருப்புச் சட்டி இந்தப் பக்கமாக வருகிறது, காலை எடு தம்பி என்றார். ஒரு கையால் அள்ளித் தூக்கினேன், சட்டி போனது, அதே மூன்று கல்லின் மேல் திரும்ப வைத்தேன். பையன் இன்னும் அசையவில்லை. அவன் முகமும் அந்தக் கண்ணீர்க் கோடும் துல்லியமாக, சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் புகையோடு புகையாகக் கரைந்த ஒரு படம் கிடைத்தது. எடை குறைந்த முக்காலி படியேறுவதற்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஆட்கள் வரும்போது சட்டென்று ஒதுங்கி வழிவிடுவதற்குத்தான் அது அதிகம் தேவை. ஐந்து கிலோவை ஊன்றி நின்றவர் ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்றுதான் சொல்லியிருப்பார்.

அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு அவன் அம்மாவிடம் கொடுத்தேன். கொடுத்ததைச் சொல்லும்போது கொடுக்காதவர்களின் நினைப்பு வருகிறது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். தேயிலை மலைக்கு முக்காலியோடு வருகிறவர்கள் கொழுந்து பறிக்கும் அக்காமாரை நிறுத்தி, இப்படித் திரும்புங்கள், அந்தக் கூடையை மாட்டுங்கள், சிரியுங்கள் என்று நேரமெடுத்துக் கால் விரிக்கிறார்கள். சாக்கோடு வந்தவருக்குக் கூடை மாட்டிப் படம் எடுத்ததையும் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று கணக்கு உண்டு. குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். கூடினால், கூடின கிலோவுக்குக் கைக்காசு. நீங்கள் நிறுத்தி வைக்கும் நேரம் அந்தக் கைக்காசில் கழிகிறது. அப்புறம் ஊருக்குப் போய் ‘படம் எடுத்தால் காசு கேட்கிறார்கள்’ என்று எழுதுகிறார்கள். கேட்டால் என்ன? படத்தை அனுப்புகிறேன் என்று என் அம்மாவிடம் விலாசம் எழுதி வாங்கிப் போனவர்கள் உண்டு. ஒருவரும் அனுப்பியதில்லை.

புகைப்பட வரலாறு படித்தவர்களுக்கு ஜூலியா மார்கரெட் கமரோன் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரரைத் தெரிந்திருக்கும். 1875இல் இலங்கைக்கு வந்தவர், 1879இல் டிக்கோயாப் பக்கம் கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்தார். எங்கள் பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில்தான் கல்லறை இருக்கிறது. மரக் கமராவும் கண்ணாடித் தகடும் வைத்து எடுத்த காலம். அவர் முன்னால் உட்கார்ந்தவர்கள் நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். இங்கே அவர் எடுத்த உள்ளூர் மக்களின் படங்களில் உட்கார்ந்தவர்களின் பெயர் பெரும்பாலும் இல்லை. பெரிய கலைஞர், மறுப்பதற்கில்லை. கல்லறையைத் தேடி வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள், வழி காட்டுவதும் நாங்கள்தான். பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள மட்டும் அன்றைக்கும் நேரமில்லை, இன்றைக்கும் நேரமில்லை. இதற்கு மேல் எழுதினால் வேறு எங்கோ போய்விடுவேன், முக்காலிக்கு வருகிறேன்.

உங்கள் பயண வழியில் முக்காலி உண்மையாகவே உதவும் இடம் அருவிகள். தலவாக்கலைப் பக்கம் டெவன், சென் கிளேயர் இரண்டையும் வீதியிலிருந்தே எடுக்கலாம். சென் கிளேயரில் மேல் கொத்மலை மின் திட்டம் வந்த பிறகு பழைய பெருக்கை எல்லா நாளும் எதிர்பார்க்காதீர்கள். தண்ணீர் பஞ்சு போல விழ வேண்டும் என்றால் ஷட்டரைக் கால் வினாடியிலிருந்து ஒரு வினாடிவரை வைத்துப் பாருங்கள், நண்பகல் வெளிச்சத்தில், ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் இல்லாமல் அது நடக்காது. அங்கே நிற்கும்போது வீதியில் லொறி போனால் தரை அதிரும், எந்த முக்காலியாலும் அதற்கு மருந்தில்லை. வண்டி கடந்த பிறகு அமுக்குங்கள். காற்று அடித்தால் பையை நடுத்தண்டின் கொக்கியில் மாட்டுங்கள், ஆனால் ஊஞ்சலாட விடாமல் பையின் அடி தரையைத் தொடட்டும். லென்ஸில் அதிர்வுக் குறைப்பு இருந்தால், முக்காலியில் வைக்கும்போது அணைத்துவிடுவது நல்லது. புதிய லென்ஸ்கள் சிலவற்றுக்கு அது தேவைப்படாது, பழையவை இல்லாத ஆட்டத்தைத் தேடித் தாங்களே ஆடும்.

நட்சத்திரம் எடுக்க ஆசை என்றால் ஜனவரியிலிருந்து மார்ச்வரை வாருங்கள், மேற்கு மலைகளில் வானம் ஓரளவு திறக்கும் காலம் அது. மே பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால் ஹட்டனில் நட்சத்திரம் பார்ப்பதற்குப் பதில் குடை பிடித்துக்கொண்டு முக்காலியின் கணுக்களைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள். துடைப்பதையும் தள்ளிப்போடாதீர்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் திருகு துருப்பிடிக்கும், மணல் போன பூட்டு அடுத்த முறை கறகறவென்று அரைக்கும்.

சிவனொளிபாதமலைக்கு யாத்திரைக் காலத்தில் ஏறுவதாக இருந்தால் முக்காலியை அடிவாரத்து நல்லதண்ணியில் தங்குமிடத்திலேயே விட்டுவிடுங்கள். ஐயாயிரத்துக்கும் அதிகமான படி. 2,243 மீற்றர் உயரத்தில், விடியலுக்கு முன்னால், அந்த நெரிசலில் மூன்று கால் விரிக்க இடம் கிடைக்காது. கிடைத்தாலும் யாராவது தடுக்கி விழுவார்கள். ஒரு துணிப்பையில் ஒரு கிலோ அரிசியைக் கட்டிக் கொண்டுபோங்கள். மதில் மேல் வைத்து அதில் கமராவை அழுத்தினால் நன்றாக நிற்கும், திரும்பி வந்து சோறும் ஆக்கலாம். எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் முக்காலி வேண்டாம். ரயில் ஓடுகிற பொருள், பகல் வெளிச்சம் வேறு, கையிலேயே எடுக்கலாம். தண்டவாளத்தில் கால் விரித்து நின்று, பின்னால் வருகிறவர்கள் எல்லாரையும் காக்க வைக்கும் ஆட்கள் அங்கே ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.